இந்தக் கிண்ணம் கண்காணிப்பில் உள்ளது

எங்கள் உஸ்பெக் ஊரான மர்கிலானில் காடைகள் வெகுகாலமாகத் தண்ணீர் குடித்துவந்தன. அதற்கு ஓர் ஆணையம் தேவை என்று அவற்றுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த அறியாமையைப் போக்கத்தான் போன வசந்தத்தில், பட்டுச் சந்தைக்குப் பின்னால் ஒரு புதிய கட்டடத்தில், கூண்டுப்பறவைக் குடிநீர்ப் பாசி ஒழிப்பு ஆணையம் வந்து இறங்கியது.

வந்த முதல் வாரமே அவர்களுக்கு ஒரு சிக்கல். எங்கள் ஊர்க் காடைத் தண்ணீரில் பாசியே இல்லை. கம்பி முகப்பு வைத்த சுரைக்குடுக்கைக் கூண்டை நிழலில் தொங்கவிடுவோம். உள்ளே கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு மண் கிண்ணம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பழையதைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் புதுத்தண்ணீர் ஊற்றுவார்கள். அவ்வப்போது காடி விட்டுத் தேய்த்து, வாசனை போகிறவரை அலசிக் கவிழ்த்துவைப்பது உண்டு. வெயிலும் படாத, பழந்தண்ணீரும் நிற்காத இடத்தில் பாசி எப்படிப் பிழைக்கும்? ஒழிக்கப் பாசி இல்லாமல் அத்தனை அதிகாரிகளும் மேசைமேல் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் முனைவர் மன்னாபோவ் தலைநகர் தாஷ்கந்திலிருந்து வந்தவர். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. காடை வளர்ப்பவர்கள் எல்லோரையும் கூட்டினார்.

"மண் கிண்ணத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாது! ஏன்? அது மறைக்குது. மறைக்கிறவன்கிட்ட ஏதோ தப்பு இருக்கு. இனிமே இந்த ஊர்ல காடைக்குத் தண்ணி கண்ணாடிக் கிண்ணத்துலதான். தெருவுல நின்னு பார்த்தா எங்க ஆய்வாளருக்குத் தெரியணும். அதனால கூண்டு வெயில் படற பக்கம் தொங்கணும். வாரத்துக்கு ஒருதடவை ஆய்வாளர் வருவார். அதுவரைக்கும் அந்தத் தண்ணிமேல யாரும் கை வைக்கக் கூடாது. கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிரப்பணும்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரிய உடம்பு எழுந்தது. அது நோர்மத் அகா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறை. கால்வாய்க் கரைத் தேநீர்க் கடைக்காரர். உடம்பு அத்தனை பெரிது, குரல் அத்தனை சின்னது.

"ஐயா, விளிம்பு வரைக்குமா?"

"விளிம்பு வரைக்கும். அரைகுறை வேலை நம்ம ஆணையத்துல கிடையாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எங்களுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. விருந்தாளிக்கு நாங்கள் பியாலாவில், அதாவது பிடியில்லாத தேநீர்க் கிண்ணத்தில், கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவோம். அடியில் கொஞ்சம் ஊற்றினால், இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். அதை வாயால் சொன்னால்கூடச் சமாதானம் பேசலாம். பியாலாவால் சொல்லிவிட்டால் பேச்சே கிடையாது.

நோர்மத் அகாவின் காடைக்குப் பெயர் பயில்வான். விடிகாலையில் அது கூப்பிடுவதைக் கேட்கத்தான் நாங்கள் பாதிப்பேர் அந்தக் கடைக்கே போவோம். என்னைப் போன்றவர்களுக்கு வீட்டிலேயே நல்ல தேநீர் கிடைக்கும். அகா பயில்வானுக்கும் விருந்தாளிக்கு ஊற்றுவதைப் போலத்தான் ஊற்றுவார், கொஞ்சமாக, அடிக்கடி. அவர் மனைவி ஸைனூரா, "அந்தக் குருவிக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி எனக்குக் குடுத்திருந்தா நானும் விடியக்காலம் பாடியிருப்பேன்" என்பாள். ஆனால் அவர் சந்தைக்குப் போகிற நாளில் கிண்ணத்தை மாற்றுவது அவள்தான்.

கண்ணாடிக் கிண்ணம் வந்தது. அகா மண் கிண்ணத்தைத் துடைத்து அடுப்பங்கரை மாடத்தில் வைத்தார். கூண்டை வெயிலுக்கு மாற்றினார். ஆய்வாளர் ஷுஹ்ரத் பக்கத்தில் நின்று பார்க்க, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினார்.

"எழுந்து போன்னு சொல்றேன்டா உன்கிட்ட" என்று காடையிடம் மெல்லச் சொன்னார். "மனசுல வச்சுக்காதே."

ஷுஹ்ரத் நல்ல பையன்தான். தொப்பியைப் போட்டால் மட்டும் குரல் மாறிவிடும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பறவையோட பேசறது ஆணையத்துக்குப் பிரச்சினை இல்ல, அகா. தண்ணிய மட்டும் தொடாதீங்க" என்றான்.

கோடை எங்கள் பக்கம் விளையாட்டு இல்லை. கண்ணாடி, வெயில், அசையாத தண்ணீர். கொஞ்சநாளிலேயே கிண்ணத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. பிறகு கோடு பட்டையானது. அடியில் வழவழவென்று ஏதோ படிந்தது. அகா ஓடிப்போய் ஷுஹ்ரத்தை அழைத்துவந்தார், மாற்ற அனுமதி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு.

ஷுஹ்ரத் கிண்ணத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"பாசி! அகா, பாசி! வாழ்த்துகள்!"

"கொட்டிடட்டுமா?"

"கொட்டறதா? இது நம்ம மாவட்டத்துல ஆணையம் கண்டுபிடிச்ச முதல் பாசி!" பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்துக் கிண்ணத்தைச் சுற்றிக் கூண்டுக்கம்பியோடு சேர்த்துக் கட்டி அரக்கு வைத்தான். நாடாவில், இந்தக் கிண்ணம் கண்காணிப்பில் உள்ளது என்று அச்சடித்திருந்தது.

"பச்சைப் பாசியா, நீலப்பச்சைப் பாசியான்னு தெரியணும். நீலப்பச்சைன்னா விஷம்."

"விஷம்னா இப்பவே மாத்தணுமே, தம்பி!"

"விஷமா இல்லையான்னு தெரியறதுக்குள்ள மாத்திட்டா, விஷமா இருந்துதான்னு எப்படித் தெரியும்?"

அகா இதை யோசித்தார். அன்று கடையை மூடுகிறவரை யோசித்தார். இதில் எங்கே தவறு என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஆனால் காடை அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல இன்னொரு கிண்ணம் வைக்கலாமா?" என்று மறுநாள் கேட்டார்.

"வச்சா அது இதைக் குடிக்காது. குடிக்கலைன்னா கண்காணிப்பு எப்படி நடக்கும்? மீறினா பறவைய மையக் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டிவரும். நான் சொல்லலை, விதி சொல்லுது."

மையக் கூண்டு அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதற்குள் போன காடை எதுவும் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்து பறக்கவிடலாமே என்று கேட்பீர்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த காடை அது. கால்வாய்க் கரைப் பூனைகளுக்கு அன்றைக்கே நல்ல விருந்தாகியிருக்கும்.

பயில்வான் முதலில் கூப்பிடுவதைக் குறைத்தது, பிறகு நிறுத்தியது. இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியது. காலையில் கடை நிரம்ப ஆட்கள் உட்கார்ந்திருப்போம், ஒருவரும் பேசமாட்டோம். சமோவார் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் எல்லோரும் பியாலாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸைனூராதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளரித் துண்டை நறுக்கிக் கூண்டுக்குள் செருகினாள். காடை அதைக் கொத்திக் கொத்திச் சாற்றை உறிஞ்சியது. கொஞ்சம் தெம்பு வந்தது. மூன்றாவது வெள்ளரித் துண்டை ஷுஹ்ரத் பார்த்துவிட்டான்.

"இது என்ன?"

"வெள்ளரிக்கா" என்றாள் ஸைனூரா. "உங்க ஆணையத்துல பார்த்ததில்லையா?"

"இதுக்குள்ள தண்ணி இருக்கு. மறைமுகமா நீர் வழங்கியிருக்கீங்க."

"அப்போ என்னையும் கட்டி அரக்கு வையி. எனக்குள்ளயும் தண்ணி இருக்கு."

ஷுஹ்ரத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தொப்பி இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் அவன் முகம் பரிதாபமாக இருந்தது. பிறகு போட்டுக்கொண்டு வெள்ளரியை எடுத்துப்போனான்.

அந்தச் சமயத்தில்தான் ரொட்டி சுடுகிற ஹூரியத் ஓபாவின், எங்கள் ஹூரியத் அக்காவின், காடைக்குச் சிகிச்சை நடந்தது. ஓபாவுக்கு யாரும் இல்லை, அந்தக் காடை ஒன்றுதான். தந்தூர் அடுப்பின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டே அதனோடு சண்டை போடுவாள். தலைவரே நேரில் வந்து, நீலநிறத் தண்ணீர் நிரம்பிய ஒரு குப்பியைத் திறந்து, அவள் காடையின் கிண்ணத்தில் ஊற்றினார்.

பார்த்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பதறிப்போனார். "இது மயில்துத்தம்தானே? கொடிக்கு அடிக்கிறது! குருவிக்கு ஆகாதுய்யா."

"பாசிக்கு ஆகாதுன்னு அறிவியல் சொல்லுது" என்றார் மன்னாபோவ். "நாம ஒழிக்க வந்தது பாசியை."

பாசி ஒழிந்தது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. இரண்டு நாளில் காடை கூண்டின் அடியில் காலை நீட்டிக் கிடந்தது.

ஓபா அதை மாவுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனாள். நாங்கள் சிலபேர் கூடப்போனோம். மேசைமேல் வைத்தாள். மன்னாபோவ் அதைப் பார்க்கவில்லை, அவள் கொண்டுவந்த கிண்ணத்தைத்தான் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அற்புதம். ஒரு துளி பச்சை இல்ல. அம்மா, முழு வெற்றி."

"என் காடை செத்துப்போச்சுய்யா."

"அது வருத்தமான விஷயம். ஆனா பாருங்க, எங்க பேர்லயே இருக்கு, குடிநீர்ப் பாசி ஒழிப்பு. நாங்க பொறுப்பேத்துக்கிட்டது தண்ணிக்கு. பறவை வேற துறை. அப்படி ஒரு துறை இன்னும் ஆரம்பிக்கலை." பிறகு எங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நாங்க வர்றதுக்கு முன்னால இந்த ஊர்ல ஒரு பாசியாவது கண்டுபிடிச்சிருந்தீங்களா? ஒண்ணுகூட இல்ல! இப்ப வீட்டுக்கு வீடு கண்டுபிடிக்கிறோம். எவ்வளவு பெரிய ஆபத்துல இருந்திருக்கீங்கன்னு இப்பவாவது புரியுதா?"

ஓபா துணியை மறுபடி சுற்றினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த சிகிச்சை பயில்வானுக்கு என்று அன்று மாலையே செய்தி வந்தது. முதல் பாசி என்பதால் விழாவாக நடத்துவார்களாம், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு.

வியாழக்கிழமை முழுதும் அகா தன் கடையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவின இடத்தையே மறுபடி கழுவினார். "என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன். "தலைவர் வர்றாரு. தேத்தண்ணி குடுக்கணும்ல?" என்றார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் குடியிருப்பான மஹல்லாவே திரண்டு வந்தது. முசுக்கட்டை மரத்தடியில் பெரிய மேடையில் விரிப்பு விரித்து, பாதாம், உலர்திராட்சை, ஓபாவின் ரொட்டி எல்லாம் வைத்திருந்தார்கள். மேலே கூண்டு. பயில்வான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது, மூச்சு விடுகிறதா என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மன்னாபோவ் வந்து, முதல் விருந்தாளிக்கு உரிய மேல்மூலையில் அமர்ந்தார். ரொட்டிக்கும் திராட்சைக்கும் நடுவில் நீலக் குப்பியை வைத்தார். ஷுஹ்ரத் கிண்ணத்துக்குக் கீழே விறைப்பாக நின்றான்.

எங்கள் ஊரில் தேநீர் முடியாமல் எந்தக் காரியமும் தொடங்காது. அது தலைவருக்கும் தெரியும். அகா முதல் தேநீரைப் பியாலாவில் ஊற்றி, மறுபடி கெண்டியில் கவிழ்த்து, அப்படியே மும்முறை செய்துவிட்டு, அடியில் கொஞ்சமாக ஊற்றி, நெஞ்சில் கைவைத்து நீட்டினார்.

"ஆகா, மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றார் மன்னாபோவ். ஒரே வாயில் குடித்துவிட்டு நீட்டினார்.

அகா மறுபடி கொஞ்சம் ஊற்றினார். அவர் குடித்தார். அகா இன்னும் குறைத்து ஊற்றினார். குறையக் குறைய மரியாதை கூடுகிறது அல்லவா, தலைவர் பூரித்துப்போனார். பூரிப்பில் பேச ஆரம்பித்தார்.

"என்னைச் சிலபேர் கேக்கறாங்க, பாசி எல்லாம் ஒழிஞ்சிட்டா ஆணையத்துக்கு என்ன வேலைன்னு. நான் சொல்றேன், ஒழியாது. நாங்க இருக்கிறவரைக்கும் ஒழியவே ஒழியாது. அந்த உறுதியை உங்களுக்குக் குடுக்கிறேன்."

ஆணையத்து ஆட்கள் கைதட்டினார்கள். அகா ஊற்றினார். ஒரு மடக்குக்கும் குறைவாக, அடி நனைகிற அளவுக்கு. கெண்டி தீர்ந்தது, இன்னொரு கெண்டி வந்தது. அவர் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. எதற்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது. குப்பி இருக்கிற இடத்தைவிட்டு அசையாதவரை காடை உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். ஓபா கூட்டத்தின் ஓரத்தில் நின்று அகாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மனித வயிறு எவ்வளவு மரியாதையைத்தான் தாங்கும்? மன்னாபோவ் அசௌகரியமாக நெளிந்தார். பியாலாவை விரிப்பில் வைத்தார்.

"போதும் அகா, போதும். கடைசியா ஒரு வாய். அப்புறம் வேலைய முடிச்சிடலாம்." இடக்கை நீலக் குப்பியின் மூடியைத் திருகத் தொடங்கியது.

அகா கெண்டியைத் தூக்கினார். ஊற்றினார். வழக்கமான அளவு வந்தது, கெண்டி நிமிரவில்லை. பாதி வந்தது. முக்கால் வந்தது. "அகா..." என்றான் ஷுஹ்ரத், காற்றுகூட வராத குரலில். தேநீர் விளிம்பைத் தொட்டது, விளிம்பில் நின்றது, பிறகு வழிந்து விரிப்பில் இறங்கியது. அகா கெண்டியை வைத்தார்.

பியாலாவை இரு கையாலும் எடுத்து, நெஞ்சில் கைவைக்காமல், நீட்டினார்.

மன்னாபோவின் காது மடலிலிருந்து சிவப்பு இறங்கிக் கழுத்துக்குப் போனது. தாஷ்கந்தில் எத்தனை படித்திருந்தாலும் அவரும் ஓர் உஸ்பெக் தாய் பெற்ற பிள்ளை. அந்தப் பியாலா என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

"கை தவறிடுச்சு" என்றார் பல்லிடுக்கில். "உன் கை தவறிடுச்சு. சொல்லு. சொல்லிட்டா விட்டுடறேன்."

அகாவின் நெற்றியில் வேர்த்து ஊற்றியது. அவர் பியாலாவைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். ஸைனூரா சமோவாருக்குப் பின்னாலிருந்து ஓர் அடி முன்னால் வந்து நின்றாள்.

"முப்பது வருஷமா ஊத்தறேன், ஐயா" என்றார் அகா அந்தச் சின்னக் குரலில். "தவறினதில்ல."

மன்னாபோவ் எழுந்தார். எழாமல் என்ன செய்வார்? அதற்குமேல் உட்கார்ந்திருந்தால் மர்கிலானில் அவர் பெயரை வைத்துத் திருமணங்களில் சிரிப்பார்கள். காலணியில் கால் நுழையவில்லை, நின்றபடியே தடுமாறினார்.

"உன் கடைய இழுத்து மூடறேன்!"

"கடை உரிமம் நகராட்சிங்க" என்று பின்னாலிருந்து அவருடைய உதவியாளரே நினைவூட்டினார். "நம்ம அதிகாரம் கிண்ணம் வரைக்கும்தான்."

"அப்போ கிண்ணம்! இந்த ஆளுக்கு இனிமே ஆணையத்தோட சேவை கிடையாது! கண்காணிப்பு ரத்து! நன்றி கெட்டவனுக்குப் பாசி ஒழிப்பு ஒரு கேடா? எடுடா அந்தக் கிண்ணத்தை! இவன் காடை எந்த அழுக்குச் சட்டியில குடிச்சாலும் நாம கேக்கப் போறதில்ல!"

ஷுஹ்ரத் அரக்கை உடைத்து நாடாவை அறுத்தான். அத்தனை வேகமாக அவன் எந்த விதியையும் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. பச்சைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தலைவருக்குப் பின்னால் ஓடினான். நீலக் குப்பியைக்கூட மறந்துவிட்டுப் போனார்கள், அது பிறகு திராட்சைத் தோட்டத்துக்குப் பயன்பட்டது.

கார் திரும்புகிற சத்தம் அடங்குமுன் ஸைனூரா மாடத்திலிருந்து மண் கிண்ணத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அலசினாள். அகா கூண்டை இறக்கி நிழலில் மாட்டினார். அடியில் கொஞ்சமாக, ஒரு வாய்க்குத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். பயில்வான் கண்ணைத் திறக்கவில்லை. ஓபா சத்தமாக வைய ஆரம்பித்தாள், தன் காடையை வைவாளே, அதே வசவு. "குடியேண்டா சோம்பேறி! இத்தனை பேர் நிக்கிறாங்க, கண்ணு தெரியலையா?"

அது கண்ணைத் திறந்தது. கிண்ணத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு அலகை நனைத்துத் தலையைத் தூக்கியது. அகா உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றினார், விருந்தாளிக்கு ஊற்றுவதைப் போல. ஓபா முகத்தைத் தலைத்துணியில் புதைத்துக்கொண்டாள்.

சேதி மஹல்லா மஹல்லாவாகப் பரவியது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு ஆய்வாளர்கள் போனாலும் வாசலிலேயே விளிம்பு வரை நிரம்பிய பியாலா காத்திருந்தது. கோபித்துக்கொண்டு சேவையை ரத்து செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. கோடை முடிகிறபோது மர்கிலானில் பாசி கிடையாது. ஒரு பறவைக்கும் தீங்கில்லாமல் பாசியை ஒழித்ததற்காக மன்னாபோவுக்கு விருது கொடுத்ததாகக் கேள்வி.

பயில்வான் மறுபடி கூப்பிடத் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஷுஹ்ரத் கடைக்கு வந்தான். தொப்பி இல்லை. அகா அவனுக்கும் கொஞ்சமாகத்தான் ஊற்றினார். அவன் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கூண்டையே பார்த்தான்.

"எங்க வீட்டுலயும் ஒரு காடை இருக்கு, அகா" என்றான். "கண்ணாடிக் கிண்ணம். நானேதான் அரக்கு வச்சேன். நாலு நாளா கூப்பிடலை."

"மாத்திட வேண்டியதுதானே, தம்பி?"

"எப்படி மாத்தறது? கண்காணிப்புல இருக்கே. யாராவது ஆய்வாளரை அவமானப்படுத்தினாத்தான் ரத்து பண்ண முடியும். ஆய்வாளர் நான். வீட்டுக்காரனும் நான். நானே எனக்கு எப்படி ஊத்திக்கிறது?" அவன் பியாலாவைக் கீழே வைத்தான். "நீங்க வந்து ஊத்தறீங்களா?"

அகா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப்போனேன். ஷுஹ்ரத் தன் வீட்டு மேடையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அகா விளிம்பு வரை ஊற்றினார். ஷுஹ்ரத் முகம் சிவக்க எழுந்தான், நாடாவை அறுத்தான், கண்ணாடிக் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்கு இனிமே சேவை கிடையாது!" என்று கத்தியபடி தன் வீட்டுக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியேறினான்.

சற்று நேரத்தில் கதவை மெல்லத் தட்டினான். தொப்பி கக்கத்தில் இருந்தது.

"குடிச்சுதா?" என்றான்.